நான்கு மூலை மஞ்சள்

நான் செய்யும் வேலை என்னவென்று சங்கரன்கோவிலில் யாருக்கும் என்னால் புரியவைக்க முடிந்ததில்லை. வெளிநாட்டுக் கடைகள் படமும் பட்டனும் வைத்து வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்புகின்றன அல்லவா, அவற்றை வீட்டு மாடியில் உட்கார்ந்து உருவாக்கிக் கொடுப்பவள் நான். எந்த மெயில் புரோகிராமில் திறந்தாலும் கடிதம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஆனால் ஒன்று படத்தைக் காட்டாது. ஒன்று எழுத்தை மாற்றிவிடும். இன்னொன்று வெள்ளையைக் கறுப்பாக்கிவிட்டுச் சும்மா இருக்கும்.

"ஏட்டி, தெருவுல போட்ட கோலம் நாலு பேரு பாத்தா நாலு விதமாவா தெரியும்?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டாள்.

"ஆமா அத்தை. அதைச் சரிபண்ணத்தான் சம்பளம்."

அவள் நம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் "பொண்ணு கம்ப்யூட்டர் வேலை" என்று சொன்னதோடு அப்பாவும் நிறுத்திக்கொண்டார்.

கல்யாணம் நிச்சயமான பிறகு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாப்பிள்ளைக்கு ஊர் எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி. பஸ்ஸில் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். எலுமிச்சம்பழம் விற்கிறவரைப் பார்த்தாலும் வரும். "இவளுக்கு என்னமோ ஆயிட்டு" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரே ஒரு குறை, மஸ்கட் மாமா. அம்மாவின் தம்பி. இரண்டு வருஷத்துக்கு முன்பு எங்கள் வீட்டுப் பால்காய்ப்புக்கு ஊரெல்லாம் நேரில் போய்ப் பத்திரிகை கொடுத்தோம், அவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். "எல்லாருக்கும் தாம்பூலம், எனக்கு மட்டும் போன்ல தள்ளிவிட்டுட்டீயளோ?" என்று கேட்டவர், குடும்பக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டார். அம்மா கூப்பிட்டால் "சரி", "பாப்போம்" என்ற இரண்டு வார்த்தைகள்தான். என் கல்யாணத்துக்கும் "பாப்போம்"தான் பதில். தாய்மாமன் கைபிடித்து அழைத்துப்போகாமல் நான் மணமேடை ஏறுவதா? அதை நினைத்தால் மட்டும் என் சிரிப்பு நின்றுவிடும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அச்சுப் பத்திரிகை எல்லோருக்கும் போவது. மாமாவுக்கு மட்டும், அவர் ஆபீஸ் மெயிலுக்கு, நானே என் கையால் ஒரு பத்திரிகை கட்டி அனுப்பினால்?

மாடியேறி உட்கார்ந்தேன். அம்மாவைக் கூப்பிட்டு வெள்ளைத் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவச் சொல்லி, அதைப் போட்டோ எடுத்துப் பின்னணியாக வைத்தேன். 'திருமண அழைப்பிதழ்' என்ற தலைப்பை வளைவு வளைவாக வரைந்து படமாகச் சேர்த்தேன். அதன்கீழே வழக்கம்போல, 'தெய்வத்திரு' என்று தொடங்கி, காலமான தாத்தாவின் பெயர். பிறகு மற்றவை. என் போனில் பார்த்தேன், லேப்டாப்பில் பார்த்தேன், சொக்கிப்போனேன். 'மாமா, உடனே பார்க்கவும்' என்று தலைப்பிட்டு அனுப்பியும் விட்டேன். வேறு எந்தப் புரோகிராமிலும் திறந்து பார்க்கவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்?

அரைமணி நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது. அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"எக்கா..." மாமா தேம்பினார். "யாருக்கா போனது? அத்தானா?"

அம்மா கீரையைக் கீழே போட்டாள். "ஏலே, என்ன பேசுத? அவுக இங்கன உக்காந்து உளுந்தவடை திங்காவ!"

அப்பா வடையும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"அப்ப இது என்ன காயிதம்? உடனே பாருன்னு போட்டிருக்கா. முழுக்கக் கறுப்பு. எடுத்ததுமே தெய்வத்திருன்னு நிக்கி. ஒரு மூலைலயாவது பொட்டு மஞ்சள் இல்ல. அதுக்குமேல கண்ணுல தண்ணி வந்து படிக்க முடியலக்கா."

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் கண் கூசுகிறதென்று திரையைக் கறுப்பாக வைத்திருக்கிறார். ஆபீஸ் புரோகிராம் படங்களைத் தடுத்துவிட்டது. தலைப்பு போச்சு, மஞ்சள் போச்சு, தாத்தா மட்டும் கறுப்பில் நிற்கிறார்.

"மாமா, அது என் கல்யாணப் பத்திரிகை" என்றேன்.

தேம்பல் நின்று மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மாமா சிரிக்க ஆரம்பித்தார். இருமி இருமிச் சிரித்தார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தச் சிரிப்பை இரண்டு வருஷமாகக் கேட்காதவள் அவள்.

"கல்யாணப் பத்திரிகைய கருமாதிக் காயிதம் கணக்கா அனுப்புதாளே, இவளுக்கு எவன்க்கா வேலை குடுத்தான்?" என்ற மாமா, சட்டென்று குரலை இறுக்கிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. மஞ்சள் இல்லாத பத்திரிகைய நான் வாங்க மாட்டேன். ஒழுங்கா அனுப்பச் சொல்லு. பொறவு பாப்போம்."

மறுபடியும் 'பாப்போம்'. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தத் தடவை தொழில் தெரிந்தவளாக உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் பழைய முறையில் கட்டம் கட்டமாக அடுக்கினேன். தலைப்பைப் படமாக்காமல் எழுத்தாகவே அடித்தேன். தாத்தாவை மரியாதையாகக் கீழே இறக்கினேன். நான்கு மூலையிலும் படத்துக்குப் பதில் மஞ்சள் நிறம் பூசிய சின்னக் கட்டங்கள், கறுப்புத் திரையிலும் சாகாத மஞ்சள். தெரிந்த புரோகிராம்களில் எல்லாம் திறந்து பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அண்ணாச்சியின் பழங்காலத்துக் கம்ப்யூட்டரையும் விடவில்லை. கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அனுப்பினேன்.

பதில் வந்தது, ஒரே வரி: 'மூணு மூலைதான் மஞ்சள். நாலாவது எங்க?'

நாலாவது கட்டத்துக்குள் ஒரு வெற்று இடமாவது வைத்திருக்க வேண்டும், மறந்திருக்கிறேன். உள்ளே ஒன்றுமே இல்லாத கட்டத்தைச் சில புரோகிராம்கள் விழுங்கிவிடும். திருத்தி அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அம்மா கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நின்றது. "மூணு மூலைல மஞ்சள் வச்சா எவன் வருவான்?" என்று அம்மா என்மேல் பாய்ந்தாள். கல்யாணப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை வாசலில் ஒரு கார் நின்றது. மாமா இறங்கினார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். என் மெயிலைத்தான் ஆபீஸில் பிரிண்ட் எடுத்திருந்தார். மூன்று மூலைகளில் பிரிண்டரின் வெளுத்த மஞ்சள். நாலாவது மூலையில் பெருவிரலால் அழுத்தித் தடவிய நிஜ மஞ்சள், ரேகை தெரியும்படி.

"நான் திருத்தி அனுப்புனது வந்துச்சா மாமா?"

"வந்துச்சு. அதுக்குள்ள நான் வச்சுட்டேன். குழம்புக்குப் போடுத மஞ்சப்பொடிதான், அங்கன வேற என்ன கிடைக்கும்?"

"அப்ப ஏன் போன எடுக்கல?" என்று அம்மா கத்தினாள்.

"எடுத்தா வாரேன்னு சொல்லிருவேன்லாக்கா. ரெண்டு வருசக் கோவம், அதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

மறுநாள் என் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துப்போனவர், வழியில் எதிர்வீட்டு அத்தையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று எல்லோரும் சத்தம்போட, ஒரு கையால் என்னைப் பிடித்தபடியே மறு கையால் தாளை விரித்துக் காட்டினார்.

"பாத்தீயளா, என் மருமவ கட்டுன பத்திரிகை. நாலாவது மூலை மட்டும் நான் வச்சது."