கற்குவையின் முன்னால் சித்தி கேட்டது

என் சித்தி ரெடிமேட் துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்ப்பவள். கடையின் பின்புறம், உடை மாற்றிப் பார்க்கும் அறைகளை ஒட்டி, ஜன்னல் இல்லாத ஒரு மூலையில் அவளுடைய தையல் மெஷின். வந்தவரை ஸ்டூல் மேல் நிற்க வைத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, பேண்ட்டின் விளிம்பை மடித்துக் குண்டூசி குத்துவாள். மீதி ஊசிகள் உதட்டில் இருக்கும். அதனால் பாதி வேலை தலையாட்டலிலேயே முடிந்துவிடும். வீட்டிலும் அப்படித்தான், ஊசி இல்லாமலே.

அவளுக்கும் சேர்த்துப் பேசத்தான் சித்தப்பா இருக்கிறாரே. கட்டில், சோபா டெலிவரி செய்கிற வேன் ஓட்டுகிறார். குடும்பத்தில் அவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். டயர் பஞ்சரானால் ஜாக்கியோடு பேசிக்கொண்டே கழற்றி மாட்டுவார். இவர்களுக்குப் பிள்ளை இல்லை என்று வெளியில் சொல்வோம். ஒன்று பிறந்து, அழாமலே போய்விட்டது என்பது வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும். அப்போது நான் பிறக்கவில்லை. மறக்க வைக்கிறோம் என்று பெரியவர்கள் கூடி ஒரு பெண்ணின் வாயை அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் மூவரும் பழங்காலத்துக் கற்குவை ஒன்றைப் பார்க்கப் போனோம். ஆசை என்னுடையது. மேட்டின் மேல் பரந்த வெளி, மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை. காய்ந்த புல், காற்று, நடுவில் வட்டமாக ஆள் உயரத்துக்குக் குவிந்த கற்கள்.

"இதுக்கா இவ்ளோ தூரம்? நம்ம தெருவுல ரோடு போடக் கொட்டின ஜல்லி இதைவிட லட்சணமா இருக்கு" என்றார் ரேடியோ.

அங்கிருந்த அறிவிப்புப் பலகையை நான் உரக்க வாசித்தேன். எழுத்தே தோன்றாத காலத்துச் சமாதி அது. உள்ளே ஒரு பெரியவரின் எலும்புகள். அவர் காலடியில், பலகைக் கற்களால் செய்த சின்னப் பெட்டி. அதற்குள் பிறந்தவுடன் இறந்த சிசு, கழுத்தருகே சில பாசிமணிகள்.

"மறுபடி வாசி" என்றாள் சித்தி. வாசித்தேன்.

"மூச்சே விடாத பிள்ளைக்கா இத்தனை கல்லு சுமந்தாங்க?"

சுற்றுவட்டாரத்தில் கல்லே கிடையாது. கீழே ஆற்றங்கரையிலிருந்துதான் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்திருக்க வேண்டும். சித்தி புல்லில் உட்கார்ந்துவிட்டாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"எந்திரி, மழை வரப்போகுது. வேன் சேத்துல மாட்டிக்கிச்சுன்னா நீதான் தள்ளணும்" என்றார் சித்தப்பா.

"வர்றேன். நம்ம பிள்ளையை எங்க வச்சீங்க? அதைச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

சித்தியே தொடர்ந்தாள். "தினமும் என்னைக் கடையில விடறதுக்கு இடுகாட்டுச் சுவர் ஓரமா சுத்திப் போவீங்களே, அங்கதானே? வாயால சொல்ல முடியாம அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போறீங்கன்னு நெனச்சேன். அந்த இடம் வந்தா மனசுக்குள்ள கும்பிட்டுக்குவேன்."

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அந்த வழியில போனா சிக்னல்ல நிக்க வேண்டியதில்ல. அதான்."

வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

"அப்போ எங்க?"

"தெரியாது. நாங்களே பாத்துக்கறோம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. சரின்னுட்டேன். கூடப் போக எனக்குத் தைரியம் இல்ல. நீ மயக்கத்துல இருந்த. எழுந்து கேட்டா என்ன சொல்றதுன்னு பயம். நீ கேக்காம இருக்கணுமேன்னு எதையாவது பேசிட்டே இருந்தேன். அதுவே பழகிப்போச்சு."

"வெறும் சுவத்தையா நான் கும்பிட்டேன்" என்றாள் சித்தி. கத்தவில்லை. எழுந்து கற்குவையின் மறுபக்கம் போனாள். அவர் பின்னாலேயே போனார். அவர் நெருங்கினால் அவள் நகர்ந்தாள். இருவரும் அந்தக் கற்களை அப்படியே சுற்றி வந்தார்கள். அவர் மேல் எனக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒரு இடத்தில் அவள் நின்று திரும்பினாள்.

"பையனா, பொண்ணா? அதையாவது யாராவது எங்கிட்ட சொன்னீங்களா?"

"பொண்ணு" என்றார். "துணியில சுத்திக் குடுத்தாங்க. கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தேன். உன் நெத்தி. தலை நெறைய முடி."

"நீங்க தூக்கினீங்களா?"

"ம். பிள்ளையைத் திரும்ப வாங்கிட்டுப் போறப்போ நர்ஸம்மா, பேர் ஏதாவது வச்சிருந்தீங்களான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்ல மனசு வரல. ஒண்ணு சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

சொன்னார். எனக்கும் கேட்டது. அது அவர்கள் இருவருக்கும் உரியது, நான் இங்கே எழுதப் போவதில்லை.

சித்தி அதைத் தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"இது தெரிஞ்சிருந்தா, இத்தனை வருஷமும் பேர் சொல்லி அழுதிருப்பேனே" என்றாள்.

பிறகு அந்த வெட்டவெளியில், நான் நிற்கிறேன் என்ற கூச்சம்கூட இல்லாமல், பெயர் சொல்லி அழுதாள்.