செவ்வந்தியும் விமானத்தின் கால்களும்

தியாகதுருகத்தில் கரும்பு வெட்டப் போகும் குடும்பத்துப் பெண் செவ்வந்தி. டிப்ளமோ முடித்து, சென்னையில் விமானங்களைப் பழுது பார்க்கும் இடத்தில் சேர்ந்தாள். எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை மடக்கி இறக்கும் ஹைட்ராலிக் வால்வுகளைக் கழற்றிச் சோதித்து மாட்டுவது அவள் வேலை. வேலையில் கறார். வெளியே வந்து வாயைத் திறந்தால் பாதி புளுகு.

ஒருமுறை அப்பாவின் அக்கா ஆயம்மாளை மதுரைக்கு விமானத்தில் அழைத்துப் போனாள். ஜன்னல் வழியாகவே சக்கரம் தெரியும் சின்ன விமானம்.

"இந்தச் சக்கரம் எப்பிடிடி மேல போவும்?" என்றாள் அத்தை.

"உள்ள பிச்சைமுத்துன்னு ஒருத்தரு குந்திக்கினு இருக்காரு அத்தே. கயித்தால இழுப்பாரு."

விமானம் எழும்பியது. சக்கரம் மடங்கி உள்ளே போகத் தொடங்கியதும் அத்தை கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கத்தினாள்: "பிச்சைமுத்து! மெதுவா இழுப்பா, கை அறுத்துறப் போவுது!"

விமானமே திரும்பிப் பார்த்தது. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, செவ்வந்தி உண்மையைச் சொன்னாள். மதுரை போய்த் திரும்பும் வரைக்கும் அத்தை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று செவ்வந்தி நினைத்தாள்.

அடுத்த மாதம் மணலூர்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தமிழ்வேந்தன், சொந்த டிராக்டர் ஓட்டுபவன். அவன் அம்மா கலையரசி காபியைத் தொடவே இல்லை.

"ஏம்மா, ஏரோப்ளேன் அடியில நீதான் தொங்கிக்கினு போறியாமே? சக்கரத்தைக் கையால தூக்கி வுடுவியாமே?"

செவ்வந்தி திரும்பினாள். அத்தை மிக்சர் தட்டை நகர்த்துவதில் மும்முரமாக இருந்தாள்.

"இன்னா அத்தே இது?"

"நீ சொன்னதைத்தான் நான் சொன்னேன். ஆளை மட்டும் மாத்தினேன்."

தமிழ்வேந்தனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எங்க டிப்பர் ட்ரெய்லர் மாதிரிதானங்க? லிவரைத் தள்னா எண்ணெய் போயி தூக்கும்?"

"அதேதாங்க. பைலட் லிவரைத் திருப்பினா செலக்டர் வால்வு எண்ணெய்க்கு வழி மாத்தும். ஒரு பக்கம் போனா சக்கரத்தோட கால் மடங்கும், மறுபக்கம் போனா இறங்கும்."

"இறங்கறப்போ பாரத்துல தடால்னு வுழாதா?"

அவளிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. செவ்வந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதுக்குன்னே வழியில இன்னொரு வால்வு இருக்குங்க. ஓட்டை சின்னது. திரும்பற எண்ணெய் கொஞ்சங்கொஞ்சமாத்தான் போவும். அதால கால் நிதானமா இறங்கும்."

"எண்ணெய் பூரா ஒழுகிட்டா?"

"காலை மேல புடிச்சிருக்கற பூட்டைத் தொறந்து வுட்டா போதும். தன் பாரத்துலயே இறங்கி லாக் ஆயிடும்."

"அப்ப யாரும் தொங்க வேணாம்?" என்றாள் கலையரசி.

"வேணாங்க."

அவள் காபியை எடுத்துக் குடித்தாள். ஆவணியில் தேதி குறித்தார்கள்.

அதற்குள் மாப்பிள்ளையிடமிருந்து தினமும் போன். பம்ப் இன்னா அழுத்தம் தரும், சீல் எத்தினி நாள் தாங்கும், குளிர்ல எண்ணெய் கெட்டியாவாதா என்று கேள்விகள். விடுப்பில் வந்திருந்த செவ்வந்தி கொல்லையில் நடந்துகொண்டே பதில் சொன்னாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அத்தை போனைப் பிடுங்கினாள்.

"தம்பி, சினிமா கினிமா பாக்கறதே இல்லியா நீ? வேற எதுனா பேசுப்பா!"