மூடியைத் திறந்து பார்க்கிறவன்

எதையும் ஒரு தடவை பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் என்னைக் கெடுத்ததும் இதுதான். பரீட்சையில் முதல் கணக்கைப் போட்டுவிட்டு, அது சரிதானா என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றக் கணக்குகளைத் தொடுவதற்குள் மணி அடித்துவிடும். ஏழாவதோடு படிப்பு நின்றது. "இவன் மக்கு இல்லய்யா, பயந்தாங்கொள்ளி" என்று வாத்தியார் அப்பாவிடம் சொன்னார். அது ஆறுதலா திட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டில்லிக்கு வந்து சில வருஷம் கட்டட வேலையில் செங்கல் சுமந்தேன். பிறகு ஒரு லாரிக்காரரோடு ஒட்டிக்கொண்டு வண்டி ஓட்டப் பழகினேன். எண்பதுகளின் தொடக்கத்தில், கரோல் பாக்கில் குடியிருந்த ஒரு தமிழரிடம் டிரைவராகச் சேர்ந்தேன். சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தில் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி, லோதி ரோடு பக்கம் ஒரு தனியார் ஆபீசுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நான் காலையில் ஜங்புராவில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த எங்கள் மதராசி கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து கரோல் பாக் போய், வண்டியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போக வேண்டும். சாரும் நானும் தமிழர்கள் என்பதைத் தவிர எங்களுக்குள் பொதுவாக ஒன்றும் கிடையாது. அவர் தமிழ் வேறு, என் தமிழ் வேறு.

அந்த வண்டிதான் என் தலையிலிருந்து செங்கல்லை இறக்கியது. அதனால் அதைப் பற்றிய பயமும் அதிகம். ஓடும்போது புதிதாக ஒரு சத்தம் கேட்டால் சாரிடம் சொல்வேன். அவர் ஏறி உட்கார்ந்து கேட்பார், ஒன்றும் கேட்காது. "உன் காதுக்கு மட்டும் தனியா ஒரு வண்டி ஓடிண்டிருக்குப்பா" என்பார். எல்லாவற்றையும்விட டீசல் தீர்ந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிய பயம். டீசல் அளவு காட்டும் முள்ளை நான் நம்புவதில்லை. வண்டி எங்கே நின்றாலும் இறங்கிப் பின்னால் போய், டீசல் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு மூடுவேன். ஆபீஸ்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சார் வீட்டு வாசலிலேயே வண்டியைக் கழுவி நிறுத்தினோம். கூடமாட உதவ என் மனைவியும் வந்திருந்தாள். அவள் சந்தனம் அரைத்தால் களி மாதிரி கெட்டியாக இருக்கும். கிண்ணத்தோடு வண்டியைச் சுற்றி வந்தாள். பானெட், ஸ்டீரிங், நாலு சக்கரம், வைப்பர், டிக்கி, டீசல் மூடி, உள்ளே கிடந்த ஜாக்கி, எதையும் விடவில்லை. சார் கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி இறக்கினேன். தெருவில் போன பஞ்சாபிக்காரர்கள் நின்று பார்த்துவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு சில நாளில் வண்டி நின்றது.

ஆபீஸ்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது நடு ரோட்டில் இரண்டு இழுப்பு இழுத்தது. அப்புறம் அப்படியே அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. வழக்கம்போல முதலில் ஓடிப்போய் டீசல் மூடியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன்.

மெக்கானிக் ஒரு சர்தார்ஜி. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. பெட்ரோல் வண்டி மாதிரி இதில் நெருப்புப் பொறி கிடையாது, டீசல் வந்தால் ஓடும், வராவிட்டால் ஓடாது, அவ்வளவுதான் என்று அடிக்கடி சொல்வார். டீசலை வடிகட்டும் பில்டர் மேலிருந்த ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை நாலு அழுத்து அழுத்தினார். சோப்பு நுரை மாதிரி குமிழ் வந்து, பிறகு சுத்த டீசல் வந்தது. சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது.

"ஹவா, பாயி. உள்ளே காத்து புகுந்திருக்கு" என்றார் இந்தியில். எங்கோ ஒரு பைப் வழியாகக் காற்று நுழைகிறது, அதனால் டீசல் வருவது அறுந்துபோகிறது என்று அர்த்தம். வாஷர்களை எல்லாம் மாற்றினார்.

அடுத்த வாரம் மறுபடி நின்றது. பைப்பையே மாற்றினார். மறுபடி நின்றது. அதற்குள் குளிர் வந்துவிட்டது. டீசல் வண்டிக்குக் குளிர் ஆகாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளை மாற்றினோம். நான் வீட்டிலிருந்து ஒரு பழைய ரஜாயைக் கொண்டுபோய் ராத்திரி பானெட்டுக்குப் போர்த்தினேன். "புள்ளைக்கு இல்லாத போர்வை வண்டிக்கா?" என்றாள் என் மனைவி. காலையில் பட்டென்று கிளம்பும். வெயில் ஏறிய பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் நிற்கும். குளிர் என்றால் காலையில் அல்லவா தகராறு பண்ண வேண்டும்? அதை யோசித்தேன். ஆனால் நான் யோசித்ததை நானே நம்பாத ஆள், வெளியே சொல்லவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். டாங்க் நிரம்ப டீசல் போட்ட நாளில் சீக்கிரம் நின்றது. பாதி டாங்க்கில் கொஞ்ச தூரம் கூடப் போனது. இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. மூடியும் சில நாள் இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும். பயத்தில் நானே முறுக்கி மூடியிருப்பேன் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

ஆபீசிலிருந்து சாருக்கு எச்சரிக்கை வந்தது. இன்னும் ஒரு தடவை நின்றால் வேறு வண்டி வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். சார் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எனக்கு இனிமே இந்த வயசுல தலைவலி வேண்டாம்ப்பா. ஞாயித்துக்கிழமை நானும் கூட வரேன், சர்தாரையும் ஏத்திக்கலாம். நிக்கறதுன்னா எங்க கண்ணெதிர்ல நிக்கட்டும். என்ன ஏதுன்னு அன்னிக்கும் தெரியலேன்னா வித்துடறேன். நீ வேற எடம் பார்த்துக்கோ."

அன்று இரவு கேம்ப்பில் மனைவியிடம் சொன்னேன்.

"வித்தா என்னய்யா பண்ணுவ?"

"திரும்பச் செங்கல்தான்."

"உன் முதுகுக்கு இனிமே செங்கல் ஆவுமா? நான் இன்னும் ரெண்டு வூடு சேத்துக்கிறேன். தூங்கு." அவள் ஏற்கனவே ஜங்புராவில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தூங்கிவிட்டாள். நான் எழுந்து கதவைப் பூட்டியிருக்கிறேனா என்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புறப்பட்டோம். சார் முன்னால், சர்தார்ஜி பின்னால். புறப்படும்போதே டாங்க்கை நிரப்பினோம். சர்தார்ஜி என் தோளைத் தட்டிச் சொன்னார்: "இன்னிக்கு நீ சும்மா உட்காரணும், மதராசி. வண்டி நின்னா இறங்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. நான் வர்றதுக்குள்ள நீ என்னத்தையாவது நோண்டி வச்சுடறே."

ஷங்கர் ரோட்டைத் தாண்டி ரிட்ஜ் காட்டுக்குள் போனோம். இரண்டு பக்கமும் முள்மரம், மதில் மேல் குரங்குகள். ஞாயிறு என்பதால் ரோட்டில் ஈ காக்கை இல்லை. சார் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். அவர் பேச்சு என் காதில் விழவில்லை, எஞ்சினை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு இழுப்பு இழுத்தது. ஓரமாக ஒதுக்கினேன். அடங்கியது.

"நில்லு, இறங்காதே" என்றார் சர்தார்ஜி. அவர் மட்டும் இறங்கினார். "ஸ்டார்ட் பண்ணு." சாவியைத் திருப்பினேன். பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்த்தார். டீசல் வந்து எரியாமல் இருந்தால் வெள்ளைப் புகை வரும். ஒரு துளிப் புகை இல்லை. "டீசலே வரலை" என்றார். முன்னால் வந்து பானெட்டைத் திறந்து, ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினார். மற்ற நாட்களில் நாலு அழுத்தில் வரும். இப்போது அழுத்த அழுத்த ஒன்றும் வரவில்லை. அவருடைய சிரிப்பு நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"பம்ப் போச்சு, பாபுஜி" என்றார் கடைசியில்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போதும். வித்துடலாம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. 

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வண்டி நின்று இவ்வளவு நேரமாகிவிட்டது, நான் இன்னும் டீசல் பார்க்கவில்லை என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஒரே ஒரு தடவ டீசல் இருக்குதான்னு பாத்துட்டு வந்துடறேன்."

"ஏம்ப்பா, என் கண் முன்னாடி இப்பத்தானே டாங்க்கை ரொப்பினோம்?"

"இருந்தாலும், சார்..."

சர்தார்ஜி தலையில் அடித்துக்கொண்டார். சார் கையை வீசினார். "போ, போய்ப் பாரு. உன் மனசாவது ஆறட்டும்."

பின்னால் போய் மூடியைப் பிடித்தேன். இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருப்பினேன். உஸ்ஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. யாரோ ரொம்ப நேரம் மூச்சை அடக்கிவிட்டு இழுப்பது மாதிரி. இத்தனை நாளும் பஸ்ஸும் ஸ்கூட்டரும் போகிற ரோட்டில்தான் நான் மூடியைத் திறந்திருக்கிறேன்; இது என் காதில் விழுந்ததே இல்லை. அதே நேரம் முன்னாலிருந்து சர்தார்ஜி கத்தினார்.

"ஓயே! என்ன பண்ணினே?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் தாடியிலிருந்து டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. எரிச்சலில் அவர் பம்பைக் கடைசியாக ஓர் அழுத்து அழுத்தியிருக்கிறார். தளர்ந்திருந்த ஸ்க்ரூ வழியாக டீசல் பீறிட்டுவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணல. மூடியத்தான் தொறந்தேன்."

மூவரும் மூடியைச் சுற்றி நின்றோம். சர்தார்ஜி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் நடுவில் ஒரு சின்ன ஓட்டை இருக்க வேண்டும். டீசல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போய் இடத்தை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது என்றார். நிரம்பின டாங்க்கில் உள்ளே காற்று கொஞ்சம்தான், அதனால்தான் அந்த நாட்களில் சீக்கிரம் நின்றிருக்கிறது. அந்த ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் கல் மாதிரி காய்ந்துபோய் என் மனைவி வைத்த சந்தனப் பொட்டு இருந்தது. நடுவில் குங்குமம்.

காற்று எங்கே நுழைகிறது என்றுதான் இவ்வளவு நாளும் தேடியிருக்கிறோம். நுழைய வேண்டிய இடத்தில் அது நுழையவில்லை. நானோ ஒவ்வொரு தடவையும் மெக்கானிக் வருவதற்குள் மூடியைத் திறந்து அதை உள்ளே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அவர் வந்து பார்க்கும்போது காட்டுவதற்கு வண்டியிடம் நோயே இல்லை. மூடியை நாள் தவறாமல் தொடுகிறவன் நான். ஆனால் பூஜைப் பொட்டு என்பதால், துடைக்கும்போதுகூட அதை ஒதுக்கிவிட்டுத்தான் துடைப்பேன். சர்தார்ஜியும் அதைப் பல தடவை பார்த்திருக்கிறார். சாமி சமாசாரம் என்று கை வைக்கவில்லை.

இப்போதும் அதைச் சுரண்ட யாருக்கும் கை வரவில்லை. சர்தார்ஜி மூடியைச் சாரிடம் நீட்டினார். "பாபுஜி, உங்க சாமி. நீங்களே செய்யுங்க."

சார் மூடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சட்டைப் பொத்தானை அவிழ்த்து, பூணூலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் ஓட்டையைக் குத்தினார். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வாயால் ஊதிப் பார்த்தார். தெளிந்தது.

"இத்தனை நாளா வண்டி டீசல்ல ஓடலைப்பா. உன் பயத்துல ஓடியிருக்கு" என்றார்.

சர்தார்ஜிக்குச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. தாடியைத் துடைத்துக்கொண்டே, "பூஜையில டீசல் மூடிக்கு யார் பொட்டு வைப்பாங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சார் என்னைப் பார்த்தார். அவர் அன்று கற்பூரத் தட்டோடு பக்கத்திலேயே நின்றிருந்தவர். அவரும் சொல்லவில்லை.

வண்டி கிளம்பியது. லோதி ரோடு வரை போய்த் திரும்பினோம், நிற்கவில்லை. விற்பதைப் பற்றிச் சார் பேச்சே எடுக்கவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. கரோல் பாக் வந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாளைக்கு ஆபீசுக்கு நேரத்தோட போயிடு. வண்டி சரியாயிடுத்துன்னு நான் போன்ல சொல்லிடறேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஓட்டை இருக்குதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? தெனைக்கும் பத்துவாட்டி தொறந்து பாக்குறவன் நீ. உனக்கே தெரியல" என்றாள்.

பயப்படாதே என்று எனக்குச் சொல்லாதவர்கள் கிடையாது. அந்தப் பயம்தான் வண்டியை வாரக்கணக்கில் ஓட்டியது, அதே பயம்தான் அதன் கோளாறை மறைத்தும் வைத்தது. நான் தைரியசாலியாக இருந்திருந்தால் முதல் நாளே மெக்கானிக் கண்டுபிடித்திருப்பாரா, அல்லது முதல் நாளே பம்ப் போச்சு என்று வண்டியை விற்றிருப்பார்களா? இதை இப்போதும் எப்போதாவது யோசிப்பேன், விடை வராது.

மறுநாள் ஆபீஸ் சவாரி நடுவில் வண்டியை நிறுத்தியபோது கை தானாகப் பின்பக்கம் போயிற்று. மூடியைத் திறந்து காதைக் கிட்டே கொண்டுபோனேன். சத்தம் வரவில்லை. மூடினேன். பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது, அதில் கேட்காமல் போயிருக்கலாம். பஸ் போகும் வரை காத்திருந்து, இன்னொரு தடவை திறந்து பார்த்தேன்.