கூடையைக் கவிழ்த்து அளந்தவள்

என் நாத்தனாருக்குப் படகுத்துறையில வச்ச பேரு ஸ்கேல். மீனை அளக்கறதுதான் அவ வேலை. கரைக்கு வர்ற மீனோட நீளத்தை வச்சே கடல்ல எவ்வளவு மிச்சமிருக்குன்னு கணக்குப் போடற ஆபீஸ்ல உத்தியோகம். விடிஞ்சதும் அளவுப் பலகையைக் கக்கத்துல இடுக்கிட்டுக் கிளம்பிடுவா. திரும்பி வந்து கை கழுவறதுக்குள்ள என் சோப்பு பாதி கரைஞ்சிடும். கல்யாணப் பேச்செடுத்தா, "முதல்ல மாப்பிள்ளையைப் பலகையில படுக்கச் சொல்லுங்க அண்ணி"ம்பா. வாய் அப்படி.

அவ அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், படகு வச்சிருக்கார். தங்கச்சி பலகையோட வந்து நின்னா மனுஷனுக்குப் பெருமை தாங்காது. கூடையில பளபளன்னு பெருசாப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பார். அவரைப் பார்த்து மத்தப் படகுக்காரங்களும் அப்படியே. நம்ம வீட்டுப் பொண்ணு அளக்கிற மீன் நோஞ்சானா இருக்கலாமா? இவளும் அவசரத்துல வாங்கி வாங்கி அளந்தா. கடல் செழிப்பா இருக்குன்னு கணக்கு வந்துது. அதை நம்பி, இந்த வருஷம் மீன் முட்டையிடற மாசங்கள்லயும் வலை போடலாம்னு மீன்துறைக் கமிட்டி அனுமதி தர்றதா இருந்துது. எங்களுக்கு அது லேசுப்பட்ட விஷயமில்ல. அந்த மாசங்கள்ல படகு நின்னா எங்க வீட்டு நிலைமை இழுத்துக்கோ பறிச்சுக்கோதான்.

ஒருநாள் யாரோ ஐஸ்ல வழுக்கி, இவ காலடியிலேயே கூடையைக் கவிழ்த்துட்டாங்க. மேல இருந்த நாலஞ்சுதான் பெருசு. மீதியெல்லாம் விரல் நீளம், ஒரு தடவைகூட முட்டையிடாத குஞ்சுங்க. இவ முகம் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் யார் எடுத்துக் கொடுத்தாலும் வாங்கல. கூடையை அப்படியே கொட்டச் சொல்லி, வந்தது வந்தபடி அளந்தா. எல்லாப் படகுலயும் அதே கதை.

சாப்பிடும்போது மெதுவா ஆரம்பிச்சா. "அண்ணா, பழைய கணக்கு தப்பு. கமிட்டியில சொல்லிடப் போறேன்."

"சொல்லாட்டி யாருக்குத் தெரியப்போகுது?"

"அடுத்த வருஷம் உன் வலைக்குத் தெரியும்."

கரண்டியை நங்குன்னு வச்சேன். "சோறு போடற தொழில்லயே கை வைக்கிறியே, உனக்கே நல்லாயிருக்கா?"ன்னு கேட்டுட்டேன். பதிலுக்குப் பதில் பேசறவ, அன்னிக்குத் தட்டைப் பாதியில வச்சிட்டு எழுந்து போனா.

கமிட்டிக் கூட்டத்துக்குத் துறையே திரண்டு வந்திருந்துது. "பொறுக்கின மீனை அளந்தது என் தப்பு. உள்ளபடி அளந்தா கடல்ல குஞ்சுதான் இருக்கு"ன்னு அவ சொன்னதுதான் தாமதம், ஒரே கூச்சல். வேணும்னே பொடியாப் பார்த்து எடுத்து நம்ம பொழப்புல மண்ணைப் போடறான்னு ஒருத்தர் கத்தினார். "அவ அண்ணனையே கேளுங்க"ன்னார் இன்னொருத்தர். அதிகாரி என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

ஊருக்கே கேக்கற குரல் அவருக்கு. அன்னிக்கு எழுந்து நின்னவர் தணிஞ்ச குரல்லதான் பேசினார். "பொறுக்கிக் கொடுத்தது நான்தான். அடியில என்ன கிடக்குதுன்னு எனக்கு அப்பவே தெரியும்"னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார்.

அதோட அனுமதி போச்சு. வெளியே வந்ததும் அவர் நேரா படகைக் கரையில கட்டிப்போடப் போனார். முன்பக்கக் கயித்தை அவர் இழுத்தார், பின்பக்கக் கயித்தை இவ எடுத்தா. எனக்கு ஆத்திரம் ஆறவேயில்ல. இதுங்க ரெண்டையும் வச்சுக்கிட்டு எப்படிக் குடித்தனம் நடத்தப்போறேன்னு முணுமுணுத்துக்கிட்டே போய், நடுக்கயித்தை நான் பிடிச்சேன்.