நல்ல காலால் குறைத்துத் தாண்டிய கதை

பந்தை அடிக்கும்போது என் முழங்கால் ஜவ்வு கிழிந்தது என்று சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மை அதுவல்ல. வாலிபாலில் மச்சான் அடித்த பாயிண்டுக்கு நான் சந்தோஷத்தில் எகிறிக் குதித்து, இறங்கத் தெரியாமல் இறங்கியதில் கிழிந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. மலைமேல் புதூர்நாட்டில் எங்கள் டீமுக்குக் கேப்டன்.

ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது மாதம். பொங்கல் மேட்சுக்கு மூன்று வாரம். நான் ஆடலாமா என்று சொல்ல வேண்டியவர் கீழே ஆலங்காயத்தில் இருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா. அவர் வைக்கும் பரீட்சை, ஒற்றைக் காலில் நின்று முன்னால் தாண்டுவது. நல்ல கால் தாண்டும் தூரத்தில் பத்துக்கு ஒன்பது பங்காவது ஆபரேஷன் கால் தாண்டினால் பாஸ்.

கேட்டதும் என் மூளை வேலை செய்துவிட்டது. கெட்ட காலை ஏற்றுவது கஷ்டம். நல்ல காலை இறக்குவது சுலபம். இரண்டு வாரம், சாமை காயவைக்கும் களத்தில் கரிக்கோடு போட்டு, நல்ல காலால் கம்மியாகத் தாண்டப் பழகினேன்.

"இன்னாங்க, நாளுக்கு நாள் கிட்டக்கவே வுழறீங்க?" என்றாள் மனைவி.

"அது டெக்னிக்கு. உனக்குப் புரியாது."

பரீட்சையில் இரண்டு காலும் டேப்பில் ஒரே இடத்தில் விழுந்தன. அந்த அம்மா என் ஃபைலைப் புரட்டினார்.

"போன மாசம் நல்ல கால்ல இதவிட ஒரு முழம் அதிகம் தாண்டியிருக்கீங்க. அதுக்கு இன்னாங்க ஆச்சு? அதையும் ஆபரேஷன் பண்ணிடலாமா?"

பழைய அளவை எழுதி வைத்திருப்பார் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. மறுபடி ஒழுங்காகத் தாண்டினேன். நல்ல கால் பறந்தது. மற்றதில் இறங்கும்போது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்துவிட, சுவரைப் பிடித்துக்கொண்டேன். நிஜமாகவே பயந்துவிட்டேன்.

"நெட்டுகிட்ட இப்படி இறங்கினா திரும்பவும் கிழியும். இன்னும் ரெண்டு மாசம் பயிற்சி. பொங்கலுக்கு வேணாங்க."

பஸ் ஸ்டாண்டிலிருந்து மச்சானுக்குப் போன் போட்டேன். "மனசத் தேத்திக்க மச்சான். நான் ஆட மாட்டேன்."

"அப்பாடா! உங்க எடத்துக்கு அப்பவே ஆள் போட்டாச்சு மாமா. எப்படிச் சொல்றதுன்னு அக்காவக்கூட கேட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் அந்த அக்காவிடம் பாய்ந்தேன். "சொல்லியிருந்தா நீங்க காலையே அசைச்சிருக்க மாட்டீங்க" என்றாள்.

அன்று சாயங்காலம், எழுதிக்கொடுத்த பயிற்சிகளை முதல்முறையாக ஒன்றுவிடாமல் கெட்ட காலுக்குச் செய்தேன். அவள் எண்ணினாள். ஏழுக்கு அப்புறம் இன்னொரு தடவை ஏழு என்றாள். நான் கவனிக்கவில்லை என்று அவளுக்கு நினைப்பு.