பல்லுக்கத்தி டீச்சர்

நேற்று மகளுக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. இந்தக் கூரியர்க்காரர்கள் டேப்பைச் சுற்றியிருக்கிற விதத்தைப் பார்த்தால், உள்ளே இருக்கும் சாமான் எழுந்து ஓடிவிடும் என்று பயப்படுகிறார்கள் போலிருக்கிறது. மகள் வீட்டுச் சாவியால் குத்திப் பார்த்தாள், பல்லால் கடித்தும் பார்த்தாள். நான் கைப்பையிலிருந்து என் மடக்குக் கத்தியை எடுத்து விரித்து, அவள் முன்னால் தரையில் வைத்தேன்.

“கையில குடுத்தா என்னம்மா?” என்றாள்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கே இது தெரியும். இவள் எம்.எஸ்சி. படித்தவள், தெரியவில்லை.

கத்தியின் மடக்கில் மூக்கை வைத்தால் லேசாக நல்லெண்ணெய் வாசம் அடிக்கும். அந்த வாசம் வந்த கதை பரளச்சிப் பக்கத்தில் இருக்கிறது. அறுபதுகளின் கடைசியில், அங்கே ஒரு கரிசல் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போனேன். மொத்தப் பள்ளிக்கும் நான் ஒருத்திதான். கிளம்பும்போது பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த அண்ணன் இந்தக் கத்தியைக் கொடுத்தான். அவனும் தரையில் வைத்துத்தான் கொடுத்தான். எவர்சில்வர் கத்தி, ஓரம் முழுக்கக் கருக்கரிவாள் போலப் பல். ஊரில் யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வரும் மாவுச் சாக்கின் தையலை ஒரே இழுப்பில் அறுப்பேன். நுங்கு சீவுவேன், தேங்காய் நார் அறுப்பேன், பிள்ளைகளுக்குக் கொய்யாப்பழத்தைப் பங்கு வைப்பேன். பென்சில் மட்டும் அதில் சீவ முடியாது, சீவினால் எலி கரம்பியது போலிருக்கும். அதையும் சீவிக் கொடுத்தேன். பெருமை யாரை விட்டது? ஆறே மாதத்தில் என் பெயர் போய், பல்லுக்கத்தி டீச்சர் என்று ஆகிவிட்டது.

பள்ளியை ஒட்டிய தோட்டம் முனியாண்டி அண்ணனுடையது. மாடு கட்டி இறைக்கிற கிணறு. தண்ணீர் என்றால் அப்படி ஒரு உப்பு, இரும்பு வாளி வாங்கினால் ஒரு வருஷத்தில் சல்லடை. “இது துருப்பிடிக்காது அண்ணே” என்று நான் கத்தியைக் காட்டிப் பீற்றிக்கொண்டபோது அவர் சிரித்தார். “எவர்சில்வராவது ஒண்ணாவது! எங்க தண்ணிக்குக் கடப்பாறையே கரையும் டீச்சர். இது எம்மாத்திரம்?” எனக்கு வந்த கோபத்துக்கு, இரண்டு நாள் அவர் கொடுத்தனுப்பிய கத்தரிக்காயைச் சமைக்கவில்லை.

தை மாசத்தில் ஒரு காலை, வாய்ப்பாடு நடக்கும்போது அவர் பெண்டாட்டி வேலம்மாவின் அலறல் கேட்டது. ஓடினேன். தண்ணீரை மொண்டு வரும் சால் என்கிற பெரிய வாளியைக் கிணற்றுக்குள் இறக்க மாடுகள் பின்னால் நடந்துதான் வர வேண்டும். அப்படி வந்ததில் ஒரு மாட்டின் பின்கால் விளிம்பில் சரிந்து, மாடு உட்கார்ந்துவிட்டது. நுகத்தோடு கழுத்தைக் கட்டியிருந்த கயிறு இறுகி, நாக்கு வெளியே தள்ளிவிட்டது. வேலம்மாவும் இன்னொரு ஆளும் வாலைப் பிடித்திருந்தார்கள். முனியாண்டி அண்ணன் நுகத்தைத் தோளில் முட்டுக்கொடுத்து, ஒரு கையால் கொம்பைப் பிடித்திருந்தார். அரிவாள் பக்கத்திலேயே கிடந்தது. ஓங்கி வெட்டினால் கயிற்றோடு கழுத்தும் போகும். அந்த ஜோடி போனால் அந்த வீட்டுக்கு வெள்ளாமையே இல்லை.

“டீச்சர், கத்தி!”

நான் என்ன செய்தேன் தெரியுமா? இடுப்பில் செருகியிருந்ததை எடுத்து விரித்து, பதவிசாகக் குனிந்து, அவர் காலடியில் தரையில் வைத்தேன். அவர் குனிந்தால் நுகம் சரியும். அவர் எப்படி எடுப்பார்? இன்று நினைத்தாலும் என்னை நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

“கையில குடுங்க டீச்சர்! சண்டையெல்லாம் பொறகு போட்டுக்கிருவோம்!”

எடுத்து அவர் கையில் திணித்தேன். பல்லைக் கயிற்றுக்கு அடியில் கொடுத்து நாலு இழுப்பு. கயிறு தெறித்தது. மாடு முன்காலை ஊன்றி எம்பி மேலே வந்து நின்றது. தெறித்த வேகத்தில் அவர் கை உதற, என் கத்தி கிணற்றுக்குள் போனது. எல்லோரும் மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாடு பிழைத்ததில் சந்தோஷம்தான், ஆனாலும் அழுகை வந்தது.

சித்திரையில் தண்ணீர் வற்றித் தூர் வாரினார்கள். உள்ளே இறங்கிய ஆள் சேற்றோடு ஒன்றை மேலே அனுப்பினான். முனியாண்டி அண்ணன் அதை வேட்டியில் துடைத்தார். வெயிலில் பளிச்சென்றது. “ஏலே, பொட்டுத் துரு இல்லடா!” என்று அவர் போட்ட சத்தத்துக்கு நான் வகுப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். மடக்கில் சேறு ஏறி, கத்தி மடங்க மறுத்தது. வேலம்மா நல்லெண்ணெய் விட்டு மடக்கிக் கொடுத்தாள்; அன்றிலிருந்து நானும் அதைத்தான் விட்டு வருகிறேன். அவர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, குனிந்து கத்தியைத் தரையில் வைத்தார்.

“அன்னைக்கு அவசரம். இன்னைக்கு என்ன அவசரம் டீச்சர், எடுத்துக்கோங்க. எங்க தண்ணி தோத்துப்போச்சு.”

ராஷ்டிரபதி கையால் விருது வாங்கினால்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனேன். கிணற்றை மூடி மனைக்கல் நட்டிருக்கிறார்கள். மாடுகள் இல்லை. முனியாண்டி அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மகள் டேப்பை அறுத்துவிட்டு, கத்தியை என் கையிலேயே திணித்தாள். சாயங்காலத்துக்குள் நாங்கள் இருவரும் காபியில் சர்க்கரைக்காக ஒரு சண்டை போட்டு முடித்துவிட்டோம். ‘பொறகு போட்டுக்கிருவோம்’ என்று முனியாண்டி அண்ணன் சொன்ன சண்டையை மட்டும், அதற்கப்புறம் ஐந்து வருஷம் அந்த ஊரில் இருந்தும், நானும் அவரும் போடவே இல்லை. இனிப் போட ஆளும் இல்லை.