ஷாப்டில் விழுந்த நாலு பல் தடம்

என் சம்சாரம் லேத்தில் ஒரு இரும்பைக் கட்டினால் பத்து நிமிஷம். நான் கட்டினால் முக்கால் மணி நேரம். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. எரியவில்லை என்று எழுதினால் பொய்.

லேத், இரும்பைக் கடையும் அந்த எந்திரம், என்னுடையது. நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் பதினாறு வருஷம் கிடந்து, பிறகு சேலத்தில் தேடிப் பிடித்து, பழைய லேத் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு இறக்கினேன். அவள் எருமப்பட்டிக்காரி. கல்யாணமாகி வரும்வரை லேத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

இரும்பைக் கடைய வேண்டுமென்றால் முதலில் அதை மையத்தில் நிறுத்திக் கட்ட வேண்டும். என்னிடம் இருப்பது இரும்பைக் கவ்விப் பிடிக்கும் டாக் சக். அதற்கு நாலு தாடைகள், நாலும் தனித்தனியாக நகரும். ஒன்றை இறுக்கினால் இரும்பு எதிர்ப்பக்கம் நகரும். பக்கத்தில் அளவு காட்டும் டயலை வைத்து, சக்கைக் கையால் சுற்றினால், இரும்பு எவ்வளவு ஆடுகிறது என்று முள் காட்டும். முள் அசையாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதில்தான் என் மானம் போனது.

நான் முள்ளைத் துரத்துகிறவன். ஒரு தாடையை இறுக்குவேன், முள் அந்தப் பக்கம் ஓடும். இன்னொன்றை இறுக்குவேன், இந்தப் பக்கம் ஓடும். கெட்ட வார்த்தை பேசுவேன். அவள் டீயை வைத்துவிட்டு நின்று பார்ப்பாள். ஒரு நாள் சலித்துப்போய் முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் முள் நிற்கிறது.

"யாரு தொட்டது?"

"நாந்தானுங்க. எதிரெதிர் தாடை ரெண்டையும் பாத்தேன். வித்தியாசத்துல பாதிய ஒரு பக்கம் தளத்தி, மறுபக்கம் புடிச்சேன். அப்புறம் மத்த ரெண்டு."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதானுங்க. நீங்க பண்றதைப் பாத்துப் பாத்து, எது ஆகாதுன்னு தெரிஞ்சு போச்சு."

கிண்டல் செய்தாள் என்றால் கூடப் பொறுத்திருப்பேன். நிஜமாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு கொட்டகைக்கு வருகிறவர்கள் மாறிப்போனார்கள். எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குப் பஞ்சமில்லை. அவற்றின் தேய்ந்த பாகங்கள்தான் எனக்குச் சோறு. நான் கையில் கிரீஸோடு வாசலிலேயே நிற்பேன். வருகிறவன் என்னிடமே கேட்பான்: "அக்கா இருக்குதுங்களா?"

"ஏன், நான் மனுசனாத் தெரியலயா?"

"அட, கோவிச்சுக்காதீங்க. அக்கா கட்டி நீங்க கடஞ்சா வண்டி சத்தமே போடாதுங்க."

என் லேத்தில் என்னை எடுபிடி ஆக்கிவிட்டார்கள்.

அவளுக்கு இன்னொரு பழக்கம். மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டு வாங்கிய செம்புத் தகட்டைச் சின்னதாக நறுக்கி, நாலு தாடைக்கும் அடியில் வைத்துத்தான் இரும்பைப் பிடிப்பாள்.

"இரும்புக்கு வலிக்குமா?" என்று கேட்பேன்.

"வலிக்காதுங்க. தடம் விழும்."

போன மாசியில் ஒரு ரிக் முதலாளி வந்தார். திருச்செங்கோட்டுக்காரர், பல வருஷமாக எங்களிடம் வருகிறவர். பரமத்தி வேலூரில் ஒரு வாழைத் தோட்டத்தில் போர் போட்டுக்கொண்டிருக்கும்போது, கம்ப்ரஸரின் சுழல் தண்டான ஷாப்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து வண்டி நின்றுவிட்டது. துளை போடும் இரும்பு ராடுகள் குழிக்குள் இருக்கின்றன. மண் சரிந்து பிடித்துக்கொண்டால் அத்தனையும் பூமிக்குள்ளேயே போய்விடும். தேய்ந்த முனையில் வெல்டிங் வைத்து நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். அதை அளவுக்குக் கடைய வேண்டும். மறுமுனையில் உள்ள பழைய பேரிங் இடத்தோடு அது நேர்கோட்டில் இருக்க வேண்டும்.

அவள்தான் கட்டினாள். சக்கின் பக்கம் முள்ளை நிறுத்தினாள். பிறகு டயலை நுனிக்கு நகர்த்தி, மரச்சுத்தியால் லேசாகத் தட்டி அங்கேயும் நிறுத்தினாள்.

"அக்கா கை பட்டுருச்சு. எனக்கு உசுரே வந்துருச்சுங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி புது பேரிங் வாங்கப் போனார். அவள் ரேஷன் கடைக்குப் போனாள்.

நான் தனியாக நின்றேன். சுவிட்சைப் போட்டுக் கடைய வேண்டியதுதான். போடவில்லை. ஒரு தாடையைத் தளர்த்தினேன். பிறகு நாலையும். செம்புத் தகடுகளை உருவி மூலையில் எறிந்தேன். அவள் முறையையே திருடி, பாதி தளர்த்திப் பாதி பிடித்து, நானே கட்டினேன். இருபது நிமிஷத்தில் முள் நின்றது! என் ஆயுளில் அவ்வளவு சீக்கிரம் நின்றதில்லை. அந்தக் குஷியில் நுனியில் டயல் வைத்துப் பார்க்கவில்லை. கடைந்தேன். மைக்ரோமீட்டரில் அளவு அச்சாக இருந்தது. முதலாளி கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஷாப்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தூங்காத கண்.

"ஓட்டி அரை மணி நேரத்துல பேரிங் கத்துதுங்க. தொட்டா கை வேகுது. ராடு இன்னும் உள்ளதான் நிக்குது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது, நுனி கோணலாக நின்றிருக்கிறது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அவ கட்டுனதுதான். அவளையே கேளுங்க."

அவள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

"அக்கா கட்டுனா அப்படி வராதுங்களே" என்றார் அவர்.

அவள் வந்து ஷாப்டை வாங்கி, வேஸ்ட் துணியால் எண்ணெயைத் துடைத்தாள். சக் பிடித்த இடத்தில் நாலு பக்கமும் தாடையின் பல் தடம் ஆழமாக விழுந்திருந்தது. விரலால் தடவினாள். முதலாளியும் குனிந்து பார்த்தார்.

"இதென்னக்கா, யாரோ கடிச்சு வெச்சிருக்காங்க?"

"தகடு வெக்காமப் புடிச்சிருக்குது" என்றாள். யார் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், சண்டையில் விஷயம் மறைந்திருக்கும். அவள் சொல்லாததால் எனக்கு ஒளிய இடமில்லை.

"நாந்தான்" என்றேன். "அவ கட்டுனதைப் பிரிச்சுட்டு நான் கட்டினேன்."

"ஏனுங்க?"

"வயித்தெரிச்சல்."

அவர் ஷாப்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி வெல்டிங் பட்டறைக்குப் போனார். மத்தியானம் கொண்டுவந்து வைத்துவிட்டு, வெந்துபோன பேரிங்குக்கு மாற்று வாங்கக் கிளம்பினார். போகும்போது அவளிடம் மட்டும், "அக்கா, பாத்துங்க" என்றார்.

அவர் தலை மறைந்ததும் அவள் சக் சாவியை என் கையில் வைத்தாள்.

"நீங்க கட்டுங்க."

"வெளையாடறியா? அந்தாளு ராடு உள்ள கெடக்குது."

"அதுக்குத்தான் பக்கத்துல நிக்கறனுங்க."

மூலையில் துழாவி மூன்று தகடுகளை எடுத்தேன். நாலாவதை அவள் புதிதாக நறுக்கிக் கொடுத்தாள். கட்டினேன். சக்கின் பக்கம் முள் நின்றது. டயலை நுனிக்கு நகர்த்திச் சுற்றினேன். முள் துள்ளியது. மரச்சுத்தியை எடுத்தேன். எந்தப் பக்கம் தட்டுவது என்று தெரியவில்லை. அவள் தட்டும்போது நான் எத்தனையோ முறை வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டவன். எப்படித் தெரியும்?

சுத்தியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் தானாகச் சொல்லவில்லை. லேத் வேலையைச் சொல்லிக் கொடு என்று அதுவரை அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"எந்தப் பக்கம் தட்டறது?"

"முள்ளு ஏறுற பக்கம்ங்க. மெதுவா."

தட்டினேன். சுற்றினேன். சக்கின் பக்கம் மறுபடி பார்த்தேன், மறுபடி நுனி. முக்கால் மணி நேரம் ஆனது. முள் இரண்டு இடத்திலும் செத்துப்போய் நின்றது. கடைந்து முடிக்கவும் முதலாளி வரவும் சரியாக இருந்தது.

மறுநாள் மாலை போன் வந்தது.

"ராடு பூரா மேல வந்துருச்சுங்க. வண்டி சத்தமே இல்ல. அக்காகிட்ட சொல்லிருங்க, அவங்க கையே கைதான்னு."

கட்டினது நான்தான்யா என்று தொண்டை வரை வந்தது. முந்தின நாள் அவள்மேல் பழி போட்டதும் இதே வாய்தான். மூடிக்கொண்டேன்.

அடுப்படிக்குப் போய் அவளிடம் சொன்னேன், அவர் சொன்னபடியே, ஒரு வார்த்தை குறைக்காமல்.

"கட்டுனது நீங்கன்னு சொல்லலீங்களா?"

"இல்ல."

சொல்லாமல் விட்டதற்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எரியட்டும்.